ரப்பர் பால் பட்ட கவுன்

வெள்ளறடைப் பக்கத்துத் தோட்டங்களில் ரப்பர் மரம் பால்வெட்டும் பொன்னுதாசுக்குச் சனிக்கிழமை வந்தாலே வயிறு எரியும். அன்றைக்குத்தான் அனூஜ் வந்து ஆர்யாவைக் கூட்டிப்போவான். கோர்ட் உத்தரவு, பத்து மணி முதல் நாலு மணிவரை.

ஆர்யா, பொன்னுதாஸ் பெற்ற பிள்ளை இல்லை. ஜிஜியை வயிற்றுப்பிள்ளையோடு விட்டுவிட்டுத் துபாய்க்குக் கம்பி நீட்டியவன் அனூஜ். பொன்னுதாஸ் ஜிஜியைக் கட்டும்போது குழந்தைக்கு ஆறு மாதம். அவள் முதலில் ‘அப்பா’ என்று கூப்பிட்டது அவனைத்தான். போன வருஷம் ஜிஜி காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். சேதி கேட்டுப் பறந்து வந்த அனூஜ், பெற்றவன் நான், பிள்ளை எனக்கு வேண்டும் என்று வழக்குப் போட்டான், அது இன்னும் முடியவில்லை. ஏழு வருஷமாக எங்கே போயிருந்தாராம் இந்தப் பெற்றவர்!

ஒரு சனிக்கிழமை ஆர்யா புது வெள்ளைக் கவுனோடு திரும்பி வந்தாள்.

“அவரு வேங்கித் தந்தாரு. நல்லா உண்டா அப்பா?”

நன்றாகத்தான் இருந்தது. அதுதான் பொன்னுதாசுக்குப் பொறுக்கவில்லை. அவன் எடுத்துக்கொடுத்த எந்தத் துணிக்கும் அவள் இப்படிச் சுற்றிச் சுற்றி ஆடியதில்லை.

ரப்பர் பால் துணியில் பட்டால் காய்ந்து கறுத்துவிடும், எந்தச் சோப்புக்கும் போகாது. மறுநாள் காலையில் கொடியில் கிடந்த கவுன்மேல் மரத்தில் பால் பிடிக்கும் தேங்காய்ச் சிரட்டை ஒன்றை நிறையப் பாலோடு கவிழ்த்தான். திரும்பினால் வாசலில் ஆர்யா. அவள் கவுனையும் அவன் கையிலிருந்த சிரட்டையையும் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

அடுத்த வாரம் கவுனைப் பார்த்த அனூஜ் சும்மா விடுவானா? வழக்கை விசாரிக்கும் கோர்ட் கவுன்சிலர் அம்மாவின் மேசையில் கொண்டுவந்து விரித்துவிட்டான். அவர் பொன்னுதாசையும் பிள்ளையையும் கூப்பிட்டனுப்பினார்.

“இது ஆரு செய்தது மோளே?” என்றார் அவர்.

“நான்தான். வெளையாடும்போ கொட்டிப்போட்டேன்” என்றாள் ஆர்யா.

அனூஜின் முகம் தொங்கிப்போனது. பொன்னுதாசுக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. அப்புறம்தான் பிள்ளையின் கையைப் பார்த்தான். பாவாடை நுனியைத் திருகித் திருகிச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அவனுக்கு அவமானமாக இருந்தது.

“பிள்ளை பொய் சொல்லுது மேடம். நான்தான் வேணும்னே ஊத்தினேன். அவன் குடுத்ததப் போட்டுட்டு இவ சிரிச்சா, எனக்குத் தாங்கல்ல. பொறாமை ஆக்கும்.”

கவுன்சிலர் குனிந்து எழுதத் தொடங்கினார். அனூஜ் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஆர்யா ஓடிவந்து பொன்னுதாசின் சட்டையைப் பிடித்துக்கொண்டு தேம்பினாள்.

“என்னத்துக்குச் சொன்னீங்க? நான் சொன்னதே போதும்லா? இனி என்னை ஒரேயடியா அவருகூட அனுப்பிருவாங்களா அப்பா?”