ஐம்பதாவது படம்

படம் சேர்ப்பதை ஏன் விட்டாய் என்று கேட்பவர்களிடம், அலுத்துவிட்டது என்று சொல்லிவந்தேன். அது பொய்.

சிகரெட் பெட்டிக்குள் வரும் கிரிக்கெட் ஆட்டக்காரர் படங்களில் நாற்பத்தொன்பது சேர்த்திருந்தேன். ஒன்றுதான் பாக்கி. எனக்குப் புகைப்பழக்கம் கிடையாது. சிகரெட்டுகளை எங்கள் ஆம்பூர் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலை பார்த்த காசிமிடம் கொடுத்துவிடுவேன். தோல் நாற்றத்துக்கு நல்லது என்பேன். அவன் இருமல் என் காதில் விழாமலா இருந்தது?

ஒருநாள் புதுப் பெட்டியோடு போனபோது, அவன் துப்பியதில் ரத்தம் இருந்தது.

“இன்னா காசிம், வேணாம்னு சொல்லியிருக்கலாமே?”

“எனக்கு எப்பவோ வெறுத்துப்போச்சு தோஸ்த். நான் வேணாம்னா நீ பெட்டி வாங்கமாட்டியே. அப்புறம் உன் படம் எப்டி சேரும்?” என்று சிரித்தான்.

அந்தப் பெட்டியை இன்றுவரை நான் பிரிக்கவில்லை. உள்ளே இருப்பது ஐம்பதாவது படமாகவும் இருக்கலாம்.