செல்வமேரி நம்பாத தாள்

ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் செல்வமேரிக்குப் பதினோரு வருட வேலை. லைன் முடிவில் உட்கார்ந்து, வரும் ஒவ்வொரு ஒயர்க் கட்டையும் சோதித்து, தாளில் குறித்துக் கையெழுத்துப் போடுவாள். தாளில் எல்லாம் சரியாக இருந்தும் பொருள் கெட்டு வந்தால், லைனில் நிற்கும் பெண்ணின் மேல் பழி போடக் கூடாது. லைனுக்கு வந்த மூலச் சரக்கைப் பார்க்க வேண்டும். புதிதாகச் சேரும் சூப்பர்வைசர்களுக்கே இதை அவள்தான் எடுத்துச் சொல்வாள்.

வீட்டில் அவள் அப்படி நடந்துகொள்ளவில்லை.

மகள் ஜோஸ்லின் ஒன்பதாவது படிக்கிறாள். ஒரே வருடத்தில் பதினான்கு கிலோ ஏறிவிட்டது. செல்வமேரி ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டினாள். எத்தனை இட்லி, எத்தனை கரண்டி சோறு, எல்லாவற்றையும் நேரம் போட்டுக் குறித்தாள். ஷேர் ஆட்டோ ஓட்டும் கணவன் தாமஸ், "இன்னா மேரி, வூட்லயும் லைன் ஓட்டினுகிறியா?" என்று கிண்டலடித்தான்.

மூன்று மாதத் தாளிலும் அந்த வயதுப் பிள்ளைகள் சாப்பிடும் அளவுதான் இருந்தது. எடையோ ஏறிக்கொண்டே போனது. அப்படியானால் மறைத்துத் தின்கிறாள் என்று செல்வமேரி முடிவு கட்டினாள். மகள் குளிக்கப் போனபோது பள்ளிப் பையைக் கட்டிலில் கொட்டிப் பார்த்தாள். புத்தகங்களும் ஒரு உடைந்த ஸ்கேலும்தான் விழுந்தன. நிமிர்ந்தால், ஈரத்தலையோடு ஜோஸ்லின் கதவருகே நின்றிருந்தாள்.

அன்றிலிருந்து அம்மா முன்னால் அவள் வாயே திறக்கவில்லை, பேசவும் இல்லை, சாப்பிடவும் இல்லை. டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுத்தபடியே திரும்பி வந்தது. எட்டாம் நாள் பள்ளியில் பிரேயரின்போது மயங்கி விழுந்தாள்.

படப்பை கிளினிக்கில் டாக்டர் சுகப்பிரியா தைராய்டுக்கு ரத்தம் பார்க்க எழுதிக் கொடுத்தார். எடை ஏறுவதற்கு முன் காய்ச்சல் ஏதும் வந்ததா என்று விசாரித்தார். வந்திருந்தது. போன வருட மழையில் இரண்டு கண்ணும் சிவந்து, தொண்டை வலியோடு பத்து நாள் படுத்திருந்தாள். அப்படிக் கண்ணையும் தொண்டையையும் தாக்கும் வைரஸ்களில் ஒரு வகைக்கும் பிள்ளைகளின் உடல் பருமனுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று சில ஆய்வுகள் சொல்வதாகவும், வேறு சிலவற்றில் அது தென்படவில்லை என்றும் டாக்டர் சொன்னார். ஜோஸ்லினுக்கு அதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. தூக்கம், விளையாட்டு, பரம்பரை எல்லாம் பார்க்க வேண்டும். பட்டினி மட்டும் கூடவே கூடாது.

செல்வமேரி கைப்பையிலிருந்து தாள்களை எடுத்து நீட்டினாள். டாக்டர் பொறுமையாகப் படித்தார்.

"இதுல அதிகமா ஒண்ணுமே இல்லையேம்மா. நீங்க எழுதினத நீங்களே நம்பலையா?"

செல்வமேரி தாள்களை மடித்துப் பைக்குள் வைத்தாள். வெளியே படியில் வைத்து மகளிடம் சொன்னாள்.

"வைரஸோ இன்னாவோ, எனக்குத் தெரியாது பாப்பா. ஆனா நீ மறைச்சித் தின்னல. அது எங் கையெழுத்துலயே இருந்திச்சி. நாந்தான் உம்மேல பழி போட்டேன்."

ஜோஸ்லின் படியிறங்கினாள். கொஞ்ச தூரம் நடந்தபின், பசிக்கிறது என்றாள்.

ஓட்டலில் இட்லித் தட்டு வந்தது. அவள் தொடவில்லை.

"நீ பாக்காதம்மா."

செல்வமேரி நாற்காலியை ரோட்டுப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. பின்னால் மகள் சாம்பார் கேட்டாள். பிறகு இன்னும் இட்லி கேட்டாள். இரண்டா, மூன்றா என்பது லாரிச் சத்தத்தில் காதில் விழவில்லை. செல்வமேரி திரும்பிப் பார்த்துக் கேட்கவில்லை.