முற்றுப்புள்ளிக்குள் ஒரு கழுதை

நான் வரைந்த எழுத்தைத் தான் வரைந்ததாக மேடையில் சொல்லிப் பொன்னாடை போர்த்திக்கொண்ட ஒரு மனிதருக்காக, நான் ஒரு கழுதை வரைந்தேன். நாலு கால், ஒரு வால், ரெண்டு நீளக் காது. உட்கார்ந்து பொறுமையாக வரைந்து முடித்ததும் அதை ஒரு முற்றுப்புள்ளி அளவுக்குச் சுருக்கினேன். என் துணிச்சல் அவ்வளவுதான். நேருக்கு நேர் நின்று கேட்கத் துப்பில்லாதவன் புள்ளிக்குள் புகுந்துதான் பழி வாங்க முடியும்.

குமாரபாளையத்தில் கீழே தறிக்கூடம், மேலே என் அறை. கீழே விசைத்தறி ஓடினால் மேலே என் மேசையும் ஓடும். புத்தகங்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுப்பது தொழில். மற்ற நேரத்தில் எழுத்து வரைவேன், ஃபாண்ட் என்கிறார்களே, அது. அகரம் முதல் ஆய்தம் வரை ஒன்று விடாமல், ஆடுகிற மேசையில் ஆடாத எழுத்தாக வரைய ரெண்டு வருஷம் ஆயிற்று. வரைந்ததைச் சேலத்தில் அச்சகம் வைத்திருக்கும் ஒருவரிடம், ஒரு காலண்டருக்கு மட்டும் என்று கொடுத்தேன். அவரை முதலாளி என்று கூப்பிட்டால் கோபித்துக்கொள்வார். அண்ணன் என்றுதான் கூப்பிட வேண்டும். அந்த அண்ணனில்தான் நான் ஏமாந்தேன்.

அச்சகக்காரர்கள் கூடிய ஒரு விழாவில் அண்ணன் மைக்கைப் பிடித்து, "ஒவ்வொரு எழுத்தா நானே என் கையால வரைஞ்சனுங்க" என்றார். கூட்டம் கைதட்டியது. மூன்றாவது வரிசையில் நானும் தட்டினேன். தட்டக் கூடாது என்று மூளை சொல்வதற்குள் கை தட்டி முடித்துவிட்டது. அவரை ஒருவேளை மன்னித்தாலும் என் கையை நான் மன்னிப்பதாக இல்லை.

மறுநாள் போய்க் கேட்டேன். கேட்டேன் என்றால், "அண்ணா, அந்த எழுத்து..." என்பது வரை கேட்டேன். நமக்குள் என்னப்பா உன்னுது என்னுது, தம்பி வரைந்தால் அண்ணன் வரைந்த மாதிரிதானே என்று தோளில் கை போட்டு டீ வாங்கிக் கொடுத்தார். குடித்தேன். நல்ல டீ வேறு. அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது.

அண்ணன் வீட்டில் அவரைத் தவிர ஒரே ஒருவர்தான் உண்மை தெரிந்தவர். அண்ணனின் அப்பா. தறியில் உட்கார்ந்தே முதுகு வளைந்த மனிதர். காலண்டரை முகத்தருகே பிடித்துப் பார்த்துவிட்டு, "இது யாரு கை சாமி?" என்று கேட்டார். என்னுதுங்க என்றேன். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தலையை ஒருமுறை ஆட்டினார். எனக்குக் கிடைத்த பொன்னாடை அந்த ஒரு ஆட்டல்தான். அடுத்த தை பிறப்பதற்குள் அவர் போய்விட்டார்.

பிறகு அண்ணனுக்கு அறுபது வந்தது. மணிவிழா மலர் போட வேண்டும், அதுவும் 'அவருடைய' எழுத்திலேயே போட வேண்டும். அந்த எழுத்து யார் சொன்னால் கேட்கும் என்பது அவருக்கும் தெரியும். வேலை என்னிடமே வந்தது. வாரேனுங்ணா என்று ஓடிப்போய் வாங்கிவந்தேன்.

நான் பக்கம் அமைக்கிற முறை கொஞ்சம் வேறு. கணினித் திரையில் பெட்டி போட்டு இழுப்பதில்லை. என்ன வேண்டும் என்று கட்டளையாக எழுதிக் கொடுத்தால் அதுவே வரி கட்டிப் பக்கம் கட்டிக் கொடுத்துவிடும். நடுவில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதிச் சொருகவும் இடம் உண்டு. வரி கட்டி முடிந்து, தாளில் ஏறுவதற்கு முன்னால், ஸ்கிரிப்ட் ஒவ்வொரு எழுத்தின் உருவையும் தொட்டுப் பார்க்கும். இந்த உரு வந்தால் எடுத்துவிடு, அந்த உருவை வை என்றால் வைத்துவிடும். உள்ளே எழுத்து அதேதான், வெளியே முகம் மட்டும் வேறு. தேடிப் பார்த்தாலும் புள்ளி புள்ளி என்றுதான் காட்டும்.

பத்து வரி எழுதினேன். முற்றுப்புள்ளி வந்தால் எடு, கழுதையை வை.

அச்சுத் தொழிலில் எல்லோர் பையிலும் ஒரு லென்ஸ் இருக்கும். நிறங்கள் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க. முதல் பக்கத்தை எடுத்து லென்ஸ் வைத்தேன். 'கடின உழைப்பால் உயர்ந்தவர்' என்ற வாக்கியம் முடிகிற இடத்தில், கடுகில் கால்வாசி உயரத்துக்கு, என் கழுதை காதைத் தூக்கி நின்றது. லென்ஸை எடுத்தால் வெறும் புள்ளி. சிரித்ததில் கீழே தறி ஓட்டுகிறவர் மேலே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். வாழ்த்துரை, பாராட்டுரை, அண்ணன் தானே எழுதிக்கொண்ட தன்வரலாறு என்று ஒவ்வொரு வாக்கியத்தின் வாசலிலும் ஒரு கழுதை. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் மெய்ப்புப் பார்த்தார். மூன்று பிழை கண்டுபிடித்தார். மூன்றும் கழுதை இல்லை.

ஃபைலை அனுப்பிவிட்டு ரெண்டு நாள் ராஜாவாகத் திரிந்தேன். மூன்றாம் நாள் காலை அந்த அச்சகத்து மெஷின்காரர் போனில் ஒரு படம் அனுப்பினார். அட்டைதான் முதலில் ஏறியிருக்கிறது. அட்டை நடுவில் அண்ணனின் பெயர், பெரிய எழுத்தில். பெயருக்கு முன்னால் அவர் அப்பாவின் முதலெழுத்து, இனிஷியல். இனிஷியலுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி.

நம் ஊரில் பிறந்து, ஆயிரம் கல்யாணப் பத்திரிகைக்குப் பக்கம் அமைத்தவனுக்கு, இனிஷியலுக்குப் பின்னால் புள்ளி வரும் என்பது மறந்துபோயிற்று. ஸ்கிரிப்டுக்கு அளவு தெரியாது. சின்னப் புள்ளிக்குச் சின்னக் கழுதை, பெரிய புள்ளிக்குப் பெரிய கழுதை. படத்துக்குக் கீழே மெஷின்காரர், "ஏனுங்ணா, புள்ளிக்கு வால் இருக்குதுங்களே?" என்று எழுதியிருந்தார்.

நான் முதலில் செய்தது என் கணினியின் பிளக்கைப் பிடுங்கியது. சேலத்தில் ஓடுகிற மெஷின் குமாரபாளையத்தில் பிளக்கைப் பிடுங்கினால் நின்றுவிடும் என்று அந்த நேரத்தில் முழுசாக நம்பினேன். அடுத்து போனை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினேன். பிறகு, பாலம் தாண்டினால் பவானி, அது வேறு மாவட்டம், அங்கே போய்விட்டால் பிடிக்க முடியாது என்று ஒரு யோசனை வந்தது. நான் என்னவோ எல்லை தாண்டுகிற கொள்ளைக்காரன் மாதிரி. வீட்டுக்காரி அரிசியிலிருந்து போனை எடுத்துப் படத்தைப் பார்த்தாள். விஷயத்தைச் சொன்னேன். நன்றாகத்தான் வந்திருக்குது, காது மட்டும் கொஞ்சம் உங்க சாயல் என்றாள்.

அப்போதுதான் இன்னொரு பக்கம் ஞாபகம் வந்தது. மலரின் ரெண்டாவது பக்கம் பெரியவருக்கு, அண்ணனின் அப்பாவுக்கு, நினைவஞ்சலி. முழுப் பக்கப் படம், கீழே பெரிய எழுத்தில் பெயர். அவருக்கும் இனிஷியல் உண்டு. என் கையைக் கேட்டுத் தலையாட்டிய ஒரே மனிதர் பக்கத்திலும் நான் கழுதையைக் கட்டிவிட்டேன். அதுவரை பயந்தது எனக்காக. அதற்கப்புறம் எனக்காக இல்லை. மாட்டிக்கொண்டாலும் சரி, அந்த ஒன்றை எடுத்தே ஆக வேண்டும்.

வீட்டுக்காரியின் ஸ்கூட்டரில், அவளுடைய பூப்போட்ட ஹெல்மெட்டில் கிளம்பினேன். சங்ககிரி தாண்டி டீ குடிக்க நிறுத்தியபோதுதான் சட்டையைத் திருப்பிப் போட்டிருப்பதை டீக்கடைக்காரர் சொன்னார். மாற்றிப் போட நேரமில்லை. வழியெல்லாம் மன்னிப்புக் கேட்டுப் பழகிக்கொண்டே போனேன். ஆழ்துளை போடுகிற ரிக் லாரிக்காரர் ஒருவர், தன்னிடம்தான் ஏதோ சொல்கிறேன் என்று நினைத்து வழி விட்டார்.

உள்ளே போனபோது அண்ணன் அட்டையை மேசையில் விரித்து, லென்ஸை வைத்துக் குனிந்திருந்தார். மெஷின்காரர் சுவரோடு சுவராக நின்றார். பழகிவந்த மன்னிப்பின் முதல் வார்த்தைக்கு வாயைத் திறந்தேன். அண்ணன் நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது.

"என்ன சாமி, சொல்லாமச் செஞ்சிருக்க. நம்ம முனியப்பன் குதிரை."

நான் வாயை மூடினேன். என் வாழ்க்கையில் நான் செய்த புத்திசாலித்தனமான காரியம் அது ஒன்றுதான்.

அவர்கள் குலசாமி முனியப்பன். கோயிலில் மண்குதிரை வரிசையாக நிற்கும். பேருக்குப் பக்கத்திலேயே வந்து நிக்குது பாருப்பா, காவலுக்கு நிக்குது என்று அட்டையைத் தடவினார். உள்ளேயும் எல்லாப் புள்ளியும் குதிரைதானா என்று கேட்டார். ஆமாங்ணா, எல்லாமே என்றேன். பொய்யில்லை, விலங்கு மட்டும்தான் வேறு.

உள்பக்கங்களுக்கு இன்னும் பிளேட், அச்சுத் தகடு, போடவில்லை. மாற்ற நேரம் இருந்தது. மெல்ல ஆரம்பித்தேன்.

"பெரியவர் பக்கத்துல மட்டும் வேண்டாமுங்ணா."

ஏன் என்றார். அவர் அப்பாவுக்குக் குதிரை இல்லாமல் தனக்கு எதற்கு என்றார். நியாயமான கேள்வி. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"அவரு போய்ச் சேந்துட்டாருங்ணா. அவருக்கு இனிக் காவல் எதுக்குங்க?"

அண்ணன் லென்ஸை மடித்துப் பையில் போட்டார். பிறகு, சரி எடுத்துரு என்றார். அவர் கணினியிலேயே உட்கார்ந்து, அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் ஸ்கிரிப்டை நிறுத்தினேன். அவசரத்தில் ஒரு வரியை நாலு தடவை அடித்தேன். பெரியவர் பெயருக்குப் பக்கத்தில் என் அசல் புள்ளி வந்து உட்கார்ந்தது, ரெண்டு வருஷம் ஆடுகிற மேசையில் ஆடாமல் வரைந்த வட்டம். அந்த மலரில் உண்மையான புள்ளிகள் அந்தப் பக்கத்தில் மட்டும்தான். மற்றதையெல்லாம் அப்படியே விட்டேன். ஒன்றைக்கூட அவிழ்க்க எனக்கு மனசில்லை.

மணிவிழா அன்று மண்டப வாசலில் இருபது அடி ஃபிளெக்ஸ். அதே அட்டை ஃபைலைப் பெரிதாக்கியிருந்தார்கள். இனிஷியலுக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு என் கழுதை வருகிறவர்களை வரவேற்றது. நான் பழைய வழக்கப்படி மூன்றாவது வரிசையில் இடம் பிடித்தேன். பக்கத்தில் மெஷின்காரர். அண்ணன் மாலையோடு எழுந்து மைக்கைப் பிடித்தார். மலரைப் பற்றிச் சொன்னார், எழுத்தைப் பற்றிச் சொன்னார், பிறகு வாசலில் எல்லோரும் பார்த்த உருவத்தைப் பற்றிச் சொன்னார். நான் நாற்காலியின் நுனிக்கு வந்தேன். என் பெயரைச் சொல்லித் தொலைத்துவிட்டால் காரியம் கெட்டதே என்று.

கெடவில்லை. அண்ணன் அண்ணன்தான்.

"இந்தக் குதிரையும் நானே என் கையால வரைஞ்சதுதானுங்க."

கூட்டம் தட்டியது. நான் எழுந்து நின்று தட்டினேன். என்னைக் கேட்காமல் தட்டிய அதே கைகள்தான், இந்தத் தடவை நான் சொல்லித் தட்டின. உள்ளங்கை சிவந்தது. மெஷின்காரர் என் பக்கம் சாய்ந்தார்.

"ஏனுங்ணா, குதிரைக்குக் காது இவ்வளவு நீளம் வருமுங்களா?"

வரைந்தவரைக் கேளுங்க என்றேன்.

அதற்கப்புறம் அண்ணனின் லெட்டர்பேடு, விசிட்டிங் கார்டு, அச்சகத்துப் போர்டு எல்லாவற்றிலும் அதை வைக்கச் சொல்லிவிட்டார். போன வாரம் அவர் வீட்டு இரும்புக் கேட்டில் தகடு வெட்டிப் பொருத்துவதற்குப் பெரிய அளவில் கேட்டார். அனுப்பிவிட்டேன். காதை மட்டும் இன்னும் ரெண்டு விரற்கடை நீட்டியிருக்கிறேன்.