அண்ணன் கையில் கொடுக்காத கத்தி

அண்ணனின் முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்து, பந்தியில் இடம் பிடிக்கும் முன் இந்த மலரைப் புரட்டிக்கொண்டிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தம்பியின் வணக்கம். வீட்டில் நன்றாக எழுதத் தெரிந்தவர்கள் எல்லாரும் பேனாவை எடுத்தாலே அழுதுவிடுகிறார்கள். அதனால் இந்த வேலை என்னிடம் வந்தது. நானும் அழுதவன்தான். அடக்கத்தன்று பாதி அழுகையில் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தேன். கோயில் வாசலிலிருந்து பேருந்து நிலையம் வரை வண்டிகள். உப்பளத்து ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு, காலில் ஒட்டிய உப்போடு வந்து நின்றிருந்தார்கள். அழுகை நின்று எனக்குப் பொறாமை வந்துவிட்டது. எனக்கு இவ்வளவு பேர் வருவார்களா என்று அண்ணியிடமே கேட்டுவிட்டேன்.

"மழைக்காலத்துல போங்க தம்பி. உப்பளத்துல வேல இருக்காது, ஆளுங்க வருவாங்க" என்றார் அண்ணி, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அண்ணன் மரக்காணத்தில் பிறந்தார். இதே மரக்காணத்தில், அதே வீட்டில், சற்றுத் தாமதமாக நானும் பிறந்தேன். அந்தத் தாமதத்தை என்னால் கடைசிவரை ஈடுகட்ட முடியவில்லை. அப்பா சீக்கிரம் போய்விட்டதால், அண்ணன் பள்ளிப் பையை என்னிடம் கொடுத்துவிட்டு உப்பளத்தில் இறங்கினார். உப்புத் தண்ணீரில் நின்று நின்று அவர் பாதம் வெடித்தது. அம்மா அந்தப் பாதத்துக்கு எண்ணெய் போடும்போது, என் பாதம் ஏன் வெடிக்கவில்லை என்று நான் பொறாமைப்படுவேன். உப்பு வாரி, மூட்டை தைத்து, கடைசியில் மேஸ்திரி ஆனார் அவர். நான் படித்து முன்னேறி, பேருந்து நிலையம் அருகே கைபேசி ரீசார்ஜ் கடை வைத்தேன்.

அண்ணனைத் தெரிந்தவர்களுக்கு அவருடைய மடக்குக் கத்தியையும் தெரியும். அது வந்த கதை பலருக்குத் தெரியாது. வளைகுடாவில் வேலை பார்த்த கோட்டக்குப்பத்து நண்பர் ஒருவர் விடுமுறையில் வந்தபோது, எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரு சென்ட் பாட்டிலும் ஒரு மடக்குக் கத்தியும் கொண்டுவந்தார். அண்ணன், "தம்பி மொதல்ல எடுக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். நான் சென்டை எடுத்தேன். தேர்த் திருவிழா முடிவதற்குள் சென்ட் தீர்ந்தது. கத்தி இன்னும் இருக்கிறது.

நல்ல கத்தி அது. பிடிக்குள் ஒரு மெல்லிய எஃகுத் தகடு இருக்கும். அலகை முழுக்க விரித்ததும் அந்தத் தகடு பக்கவாட்டில் நகர்ந்து, அலகின் அடியில் போய் முட்டுக் கொடுக்கும். அதற்குப் பிறகு அலகு தானாக மடங்காது. மடக்க வேண்டுமென்றால் கட்டைவிரலால் தகட்டை ஒதுக்க வேண்டும். அலகு அசையத் தொடங்கியதும் விரலை அதன் வழியிலிருந்து எடுத்துவிட வேண்டும். அதற்கு முன்பு அண்ணனிடம் இருந்தது திருவிழாக் கடையில் வாங்கிய மரப்பிடிக் கத்தி. அதில் பூட்டே கிடையாது, ஒரு வில்தான் அலகைப் பிடித்திருக்கும். கொஞ்சம் முரட்டுத்தனமாக அழுத்தினால் விரலைப் பார்த்து வந்துவிடும். அந்தக் கத்தியால் அத்தனை மூட்டைச் சணலை அறுத்தும் அண்ணனின் பத்து விரலும் முழுசாக இருந்தன.

வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கத்தியைக் கழுவி, துணியால் துடைத்து, தகட்டின் இடுக்கில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுவார். அத்தனை கவனிப்பு எனக்கு எந்தத் தீபாவளிக்கும் கிடைத்ததில்லை. யார் கேட்டாலும் கத்தியைக் கொடுப்பார், ஆனால் கையில் கொடுக்க மாட்டார். மடக்கி, மூட்டை மேலேயோ மேசை மேலேயோ வைப்பார். கேட்டவர் எடுத்துக்கொள்ள வேண்டும். திருப்பித் தரும்போதும் அப்படித்தான். உப்பளம் முழுக்க இந்தப் பழக்கம் பரவிவிட்டது. இன்றைக்கும் அங்கே யாரும் யாருக்கும் கத்தியைக் கையில் தருவதில்லை. கேட்டவர்களில் எனக்கு மட்டும் கிடைக்கவில்லை. "ஒனக்கு சென்ட் போதும்டா" என்பார்.

விடுவேனா? பாண்டிச்சேரிக்குப் போய் அதைவிடப் பெரிய, பளபளப்பான கத்தி ஒன்று வாங்கினேன். இதற்குப் பூட்டு பிடியின் முதுகில். விரித்ததும் முதுகிலுள்ள கட்டை ஒன்று அலகின் பள்ளத்தில் 'டக்' என்று விழும். அந்தச் சத்தத்துக்காகவே வாங்கினேன். அண்ணனுடையது இவ்வளவு சத்தம் போடாது. வாரக்கணக்கில் அதைச் சட்டைப்பையில் வைத்து, உப்பளத்துக்குப் போகும்போதெல்லாம் எடுத்து எடுத்துக் காட்டினேன். கழுவவில்லை. புதுக் கத்தியை யாராவது கழுவுவார்களா?

ஒருநாள் லாரிக்கு மூட்டை ஏறிக்கொண்டிருந்தபோது ஒரு கட்டு அறுபடாமல் நின்றது. அண்ணன் தன் கத்தியை எடுக்கும் முன் நான் என்னுடையதை விரித்தேன். 'டக்' என்றது. எல்லாரும் பார்த்தார்கள். கயிற்றுக்குள் கத்தி முனையைக் கொடுத்து நெம்பினேன். அறுக்கிற கத்தியால் நெம்பக் கூடாது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது, அதுவும் ரத்தத்தோடு. அலகு மடங்கி ஆள்காட்டி விரலில் இறங்கியது.

அண்ணன் தன் தலைத்துண்டை என் விரலில் இறுகக் கட்டி, கையைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். ஆஸ்பத்திரியில் தையல் போட்டு வெளியே வந்த பிறகுதான் என் கத்தியை எடுத்துப் பார்த்தார்.

"சத்தம் வந்துச்சேண்ணே" என்றேன்.

"உப்பு மேல உக்காந்த சத்தம்டா அது. பள்ளத்துல உப்பு கட்டி இருக்குது, பூட்டு எங்க உக்காரும்? பூட்டு இருக்குதுன்னு வெரல வெக்காத. இல்லன்னு நெனச்சிப் புடி."

அந்த விரலின் ரேகையை என் கைபேசி இன்றுவரை ஏற்றுக்கொள்ளவில்லை. கைபேசிக் கடைக்காரனுக்கு இந்த நிலைமை.

கடைசி ஆண்டில் அண்ணனுக்கு உடல் தளர்ந்தது. கை நடுங்க ஆரம்பித்தது. ஒருநாள் ஆப்பிள் நறுக்கக் கத்தியை எடுத்தவர், விரித்து, தகட்டைப் பார்த்து, அறுக்காமலேயே மடக்கிவிட்டார். "பூட்டு நல்லாத்தான் இருக்குது. கைய நம்ப முடியல" என்றார். வேறு யாரும் சொல்வதற்கு முன் அவரே கத்தியை நிறுத்தினார். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குப் பொறாமை வரவில்லை, பயம் வந்தது.

அதற்குப் பிறகு எனக்கு ஒரே நினைப்புதான். கத்தி யாருக்கு? அண்ணனுக்கு இரண்டும் பெண்கள். இருவரும் வெளியூரில் குடும்பம் நடத்துகிறார்கள், கத்தியைப் பற்றிக் கேட்கவும் இல்லை. என்னை விட்டால் யார்? தினமும் கட்டிலருகே போய் உட்கார்ந்தேன். உடல்நிலை விசாரிக்கத்தான் போனேன், இருந்தாலும் கண் தலையணைப் பக்கம் போகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு நானும் என் மனைவியும் போயிருந்தோம். அண்ணன் தலையணை அடியிலிருந்து கத்தியை எடுத்தார். நான் சட்டென்று இரண்டு கையையும் நீட்டினேன், நற்கருணை வாங்குகிறவன் மாதிரி. என் மனைவி, மாத்திரை வைத்திருந்த ஸ்டூலைக் கட்டிலருகே நகர்த்தி வைத்தாள்.

அண்ணன் என் கையைப் பார்த்தார். ஸ்டூலைப் பார்த்தார்.

"டேய், இத்தன வருசத்துக்கு அப்பறமும் நீ கைய நீட்டுற. அவ எடத்தக் காட்டுறா பாரு" என்று சொல்லி, மடக்கிய கத்தியை ஸ்டூலின் மேல் வைத்தார். "நீ எடுத்துக்கம்மா."

அவள் எடுத்தாள். மெதுவாக விரித்து, தகடு முழுக்க நகர்ந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தாள். பிறகு விரல்களை அலகின் பாதையில் வைக்காமல் பிடியை விளிம்பில் பிடித்துக்கொண்டு, அலகின் முதுகை லேசாக அழுத்திப் பார்த்தாள். அசையவில்லை. "சரியா இருக்குது மாமா" என்றாள். அண்ணன் சிரித்தார். நான் நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டேன். கட்டிய மனைவி மீதே பொறாமைப்பட்டவன் இந்தத் தாலுகாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். சில நாட்களில் அண்ணன் அமைதியாக இறைவனிடம் சென்றார்.

அண்ணனைக் கைக்குழந்தை போல் பார்த்துக்கொண்ட அண்ணிக்கும், தந்தையின் கடைசி நாட்களில் வந்து உடனிருந்த மகள்களுக்கும் மருமகன்களுக்கும், மருத்துவருக்கும் செவிலியருக்கும், வீட்டுக்கே வந்து நற்கருணை வழங்கிய பங்குத்தந்தைக்கும், வேலையை விட்டுவிட்டுப் பெட்டி தூக்கிய உப்பளத்துத் தோழர்களுக்கும், கூனிமேட்டிலிருந்து தினமும் மீன் குழம்பு கொடுத்தனுப்பிய குடும்பத்துக்கும் எங்கள் நன்றி. கோட்டக்குப்பத்து நண்பருக்கும் நன்றி. அடுத்த முறை என்னை முதலில் எடுக்க விடாதீர்கள்.

இதை எழுதி முடிக்கும் நேரத்தில் என் மனைவி வந்தாள். மேசையில் என் பேனாவுக்குப் பக்கத்தில் அண்ணனின் கத்தியை மடக்கி வைத்தாள். "அச்சாபீஸ்லேர்ந்து மலர் கட்டு வரும்ல, நீங்களே அறுங்க. மாமா இருந்தா பாத்துக்கிட்டே இருப்பாரு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். நானும் கை நீட்டவில்லை. அது வைத்த இடத்திலேயே கொஞ்ச நேரம் கிடந்தது. பிறகு எடுத்தேன். வெளிச்சத்தில் தகட்டைப் பார்த்தேன்.

ஆகையால் உங்கள் கையிலிருக்கும் இந்த மலர், நான் அறுத்த கட்டிலிருந்து வந்தது. அட்டையில் கீறல் இருந்தால் மன்னியுங்கள். இல்லையென்றால், பந்தியில் நான் பரிமாற வரும்போது என் விரல்களை எண்ணிப் பார்த்து, ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லுங்கள். அண்ணனைப் பற்றி இன்றைக்கு எல்லாரும் சொல்லப்போகிறீர்கள். ஒன்றே ஒன்று என்னைப் பற்றியும் இருக்கட்டும்.