எள் மறைந்த சீட்டு

என் அக்கா வீட்டில் பின்பக்கம் படிக்காமல் யாரும் ஒரு பாக்கெட்டையும் பிரிக்க முடியாது. அவள் மகள் குட்டிக்கு எள் கொஞ்சம் உள்ளே போனாலே தொண்டை அடைத்துக்கொள்ளும். மூன்று வயதில் ஒருமுறை கண் செருகிப் பிழைத்தவள். அன்றிலிருந்து அக்கா வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறாள்.

அவள் வேலையும் பாக்கெட்டின் பின்பக்கம்தான். இறக்குமதிக் கிடங்கில், என்னென்ன சேர்த்திருக்கிறது என்று அவளுக்குப் புரியாத மொழியில் இருக்கும் வெளிநாட்டுப் பட்டியலின் மேல் நம் நாட்டுச் சட்டப்படி அச்சடித்த சீட்டை ஒட்டவேண்டும். பழைய எழுத்து துளி தெரிந்தாலும் சூப்பர்வைசர் வாங்கு வாங்கென்று வாங்கிவிடுவார். பதினோரு வருஷத்தில் அக்கா ஒரு திட்டு வாங்கியதில்லை. அதில் அம்மணிக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

சனிக்கிழமை மத்தியானம், ஓரம் நசுங்கிய பிஸ்கட் பாக்கெட் ஒன்றைக் கிடங்கிலிருந்து கொண்டுவந்தாள். சீட்டு அவளே ஒட்டியது. மாவு, சர்க்கரை, எண்ணெய், மசாலாக் கலவை என்று அதையும் ஒருமுறைக்கு இருமுறை படித்தாள்.

"என்னக்கா, பரீட்சைக்கா படிக்கிற?" என்றேன். என் நாக்கில் சனி.

பாதி பிஸ்கட் தின்பதற்குள் குட்டி கழுத்தைத் தடவினாள். "அம்மா, தொண்டைக்குள்ள என்னமோ பண்ணுது."

எனக்குக் கை கால் ஓடவில்லை. அக்காதான் அதற்கென்று வைத்திருந்த ஊசியைத் தொடையில் குத்தினாள். ஆம்புலன்ஸ் வரும்வரை பிள்ளை மூச்சுக்குத் திணறிய சத்தம் இருக்கிறதே, அது எதிரி வீட்டிலும் கேட்கவேண்டாம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தார். "இதுல எள்ளே இல்லையேம்மா."

நான் சீட்டை ஈரத்துணியால் ஊறவைத்து உரித்து, அடியில் இருந்ததைப் போனில் மொழிபெயர்த்தேன். தடித்த எழுத்தில் எள். அந்த நாட்டில் அதைத் தனியாகச் சொல்லியே ஆகவேண்டும். இங்கே 'மசாலாக் கலவை' என்றால் போதும். அக்கா உரித்த சீட்டை என் கையிலிருந்து வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

குட்டி தேறிவிட்டாள். அக்கா உடனே சூப்பர்வைசருக்குப் போன் போட்டாள்.

"சட்டப்படி சரியாத்தானேம்மா இருக்கு? லோடு நேத்தே கடைகளுக்குப் போயாச்சு. திங்கக்கிழமை பேசிக்கலாம்."

மறுநாள் காலை என்னை இழுத்துக்கொண்டு அந்தப் பாக்கெட்டைத் தேடிக் கடை கடையாக ஏறினாள். மூன்றாவது கடையில் ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு, அதே பாக்கெட்டைத் திருப்பி விரல் வைத்து வரி வரியாகப் படித்தாள். நிம்மதியாகத் தலையாட்டிக் கூடையில் போட்டாள்.

அக்கா ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தாள்.

"அத வெச்சிடுங்கம்மா. அது நான் ஒட்டினது."