குளக்கட்டால் இறங்கும்போது புகைத்த கார்

கனகலிங்கத்தாரின் காரைப் பற்றி எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் முதலில் சிரித்துவிட்டுத்தான் சொல்லத் தொடங்குவார்கள். ஆளைப் பற்றிக் கேட்டால் சிரிக்க மாட்டார்கள். அவசரம் என்று ஓடிவந்து வீட்டுப் படலையில் நின்ற ஒருவரையும் அவர் திருப்பி அனுப்பியதில்லை.

அவர் கரவெட்டியில் பிறந்தவர். ஒட்டுசுட்டானுக்கு அப்பால் முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் காணி கொடுத்தபோது, மனைவி நாகேஸ்வரியோடு வந்து குடியேறினார். வயல் செய்யத்தான் வந்தார். முதல் விதைப்பில் பாதியை யானை தின்றது. மிச்சத்தைப் பன்றி கிளறியது. "மிருகத்துக்கு விதைக்கிறதிலும் பாக்க மனிசரை ஏத்தி இறக்கலாம்" என்று சொல்லி, வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு யாழ்ப்பாணம் போனார். ஒரு டொக்டர் ஓடிக் களைத்த ஏ-40 காரோடு திரும்பி வந்தார்.

அன்று தொடங்கி அவர் எங்கள் குடியேற்றத்தின் கார்க்காரர். பிள்ளைப்பேற்றுக்கு முல்லைத்தீவு ஆசுப்பத்திரி, வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கல், சாமான் வாங்க வவுனியா, எல்லாம் அந்தக் காரில்தான். எல்லாவற்றிலும் பார்க்க அவருக்குப் பெருமை தந்தது கலியாணம். அந்தக் கார் வந்த பிறகு எங்கள் குடியேற்றத்துக் கலியாணப் பொம்பிளை ஒருத்தியும் வேறு காரில் ஏறிக் கோயிலுக்குப் போகவில்லை. மணவறை சோடிக்கிறவரையும் ஐயரையும் மாற்றுவார்கள்; கனகலிங்கத்தாரை மாற்ற மாட்டார்கள்.

அவரிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. ஸ்ரேறிங்கை ஒருவருக்கும் கொடுக்க மாட்டார். கேட்டால், "பல்லுத் தீட்டின வேப்பங்குச்சியை ஆரும் இரவல் குடுப்பினமோ?" என்பார். அந்தப் பிடிவாதம்தான் பெரிய சிக்கலைக் கொண்டுவந்தது.

கார் புகைக்கத் தொடங்கியிருந்தது. ஊருக்கே தெரியும், அவருக்கு மட்டும் தெரியாது. ஓட்டுகிறவர் முன்னால் இருக்கிறார், புகை பின்னால் வருகிறது. பின் கண்ணாடியை நாகேஸ்வரி பூப்போட்டுத் தைத்த திரைச்சீலை மறைத்திருந்தது. யாராவது "புகைக்குது அண்ணை" என்றால் காரை நிறுத்தி, இறங்கிப் பின்னால் போய்க் குனிந்து பார்ப்பார். நிற்கிற காரில் ஒரு இழை புகையும் வராது. "உங்களுக்குக் கண்ணிலை பூ விழுந்திட்டுது" என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விடுவார். "விடுங்கோ அண்ணை, உங்கட கார் போனால் எங்கட பக்கம் ரெண்டு நாளைக்கு நுளம்புக் கடியில்லை" என்று அயல்காணி மயில்வாகனம் சொன்னதையும் அவர் பகிடி என்றே எடுத்துக்கொண்டார்.

எங்கள் பக்கத்துக் கமலாசனியின் கலியாணத்தன்று அந்தப் பகிடி முற்றிவிட்டது. எங்கள் கலியாணங்கள் குளக்கட்டின் அடியில் இருக்கும் பிள்ளையார் கோயிலில் நடப்பவை. பொம்பிளையின் கார் கட்டின் மேலால் வந்து சரிவால் மெல்ல இறங்கும். முன்னால் மேளம் போகும். தட்டம் தூக்கிய பெண்கள் பின்னால் நடப்பார்கள். அன்று கார் சரிவில் இறங்கத் தொடங்கியதும் பின்னாலிருந்து நீலப் புகை கிளம்பி அவர்களை மூடியது. தட்டத்தில் இருந்த பழத்தை ஒருத்தியும் விடவில்லை. ஆனால் இருமல் மேளத்தையும் மேவிக் கேட்டது. முன்னால் இருந்த கனகலிங்கத்தார், "என்ன, எல்லாருக்கும் ஒருமிக்கத் தடிமனும் இருமலுமோ?" என்று கேட்டாராம்.

அடுத்த கலியாணம் செல்வநாயகம் வாத்தியாரின் மகளுக்கு. வாத்தியாரின் மனைவி அருந்ததி அன்று தட்டம் தூக்கியவர்களில் ஒருவர். அவர் நேரே கனகலிங்கத்தாரின் வளவுக்கு வந்தார்.

"தம்பி, என்ரை மோளின்ரை கலியாணம் வாற ஞாயிறு. சனிக்கிழமை பின்னேரம் நான் கோயிலடியிலை நிப்பன். காரைக் கட்டாலை இறக்கிக் காட்டும். புகை வந்தால் றவூப்பின்ரை கார்தான்."

"அக்கா, என்ரை கார் புகைக்கிறேல்லை."

"அப்ப நான் அண்டைக்கு இருமினது ஆற்றை புகைக்கு? உம்மடை சுருட்டுக்கோ?"

கனகலிங்கத்தார் சுருட்டுக் குடிப்பதில்லை.

றவூப் தண்ணீரூற்று என்ற ஊரைச் சேர்ந்தவர். அவரும் கார்க்காரர், மொறிஸ் மைனர் வைத்திருந்தார். ஓடும் பாதையில் இருவரும் போட்டிக்காரர். தேத்தண்ணிக் கடையில் கூட்டாளிகள். ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் தனக்கு வரப்போகிறது என்று கேள்விப்பட்டதும் அவர் சந்தோசப்படவில்லை. மறுநாளே வந்தார்.

"மச்சான், உன்ரை பொம்பிளையை நான் ஏத்தினால் ஊர் என்னைத்தான் பேசும். வா, உன்ரை காரை உனக்கே காட்டுறன்."

"நான் பாக்காத காரோ?"

"பின்பக்கம் பாத்தனியோ? நீ ஓட்டேக்க நீ பின்னாலை நிக்கேலாது. ரெண்டிலை ஒண்டை விடு."

நாகேஸ்வரியும் சொன்னார்: "இஞ்சாருங்கோ, நான் ஒவ்வொரு நாளும் காலமை படலையிலை நிண்டு பாக்கிறனான். நீங்கள் ஸ்ராட் பண்ணேக்க ஒருக்காப் புகை ஊதும். சொன்னால் கோவிப்பியள் எண்டுதான் சொல்லேல்லை."

மனைவியும் அந்தப் பக்கம் சேர்ந்துவிட்டதைக் கண்டு அவர் கார்த் திறப்பை எடுத்தார். ஸ்ரேறிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிவிட்டுத் திறப்பை றவூப்பிடம் கொடுத்தார். பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற தகப்பன்கூட அப்படிக் கலங்கியிருக்க மாட்டார்.

அவரும் நாகேஸ்வரியும் கட்டின் அடியில் நின்றார்கள். கார் சரிவில் ஏறியது. புகை இல்லை. "பாத்தியோ!" என்றார் கனகலிங்கத்தார். றவூப் மேலே திருப்பி, அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்துவிட்டு, காரைத் தானாக உருள விட்டார். பாதிச் சரிவில் நீலப் புகை சுருள் சுருளாக எழுந்து குளக்கட்டையே மறைத்தது.

கனகலிங்கத்தார் மூக்கை உறிஞ்சினார். "உதென்ன, ஆரேன் எண்ணெயைத் தீய விட்டிட்டினமோ?"

"ஓம். நீங்கள்தான்" என்றார் நாகேஸ்வரி.

றவூப் இறங்கி வந்தார். "ஏறேக்க நல்ல பிள்ளை, இறங்கேக்கதான் சேட்டை. பிஸ்ரன் ரிங் போயிருந்தால் ஏறேக்கயும் புகைக்கும். இது வால்வ் சீல், மச்சான். பெரிய வருத்தமில்லை."

விளங்கும்படி சொல்வதானால் இப்படி: எஞ்சினின் தலையில் எட்டு வால்வுகள் இருக்கின்றன. அவை திறந்து மூடுவதால்தான் எஞ்சின் மூச்சு விடுகிறது. வால்வின் தண்டு வழுக்கி ஓடுவதற்கு மேலே எப்போதும் ஒயில் இருக்கும். அந்த ஒயில் தண்டு வழியே கீழே வடியாமல் ஒரு சின்ன றப்பர் வளையம் பிடித்துக்கொள்கிறது. அதுதான் சீல். வளையம் காய்ந்து வெடித்தால் பிடிக்காது. இரவு முழுவதும் வடிந்த ஒயில் காலையில் ஸ்ராட் பண்ணும்போது புகையும். இறக்கத்தில் காலை எடுத்தால் காற்று வரும் வழி அடைபடும். அப்போது எஞ்சின் காற்றுக்குப் பதிலாக ஒயிலை உறிஞ்சும்.

வளையங்களை றவூப் யாழ்ப்பாணத்துக்குப் போகும் பஸ் றைவரிடம் சொல்லி எடுப்பித்தார். வியாழக்கிழமை வந்து சேர்ந்தன. வெள்ளிக்கிழமை காலை வேலை தொடங்கியது. எஞ்சின் தலையைக் கழற்றினால் மீண்டும் பூட்ட இடையில் வைக்கும் புதுக் காஸ்கற் தகடு வேண்டும். அது கையில் இல்லை. கழற்றாமல் செய்தால் இன்னொரு ஆபத்து. வால்வைத் தாங்கும் ஸ்பிரிங்கை எடுத்ததும் வால்வு எஞ்சினுக்குள் விழுந்துவிடும்.

"கயிறு விடுவம்" என்றார் றவூப். "பிளக்கைக் கழட்டி, அந்த ஓட்டையாலை கயிறை உள்ளுக்கு அடையிறது. பிறகு ஹான்டிலைச் சுத்தினால் பிஸ்ரன் மேலை வந்து கயிறை அமத்தும். கயிறு வால்வைத் தாங்கும். நுனியை மட்டும் வெளியிலை விடவேணும்."

கனகலிங்கத்தார் கிணற்றடிக்கு ஓடிப்போய்த் துலாக்கயிற்றின் மிச்சத் துண்டைக் கொண்டுவந்தார். நாகேஸ்வரி அதைப் பறித்தார். "தும்புக் கயிறோ? வாளிக்குள்ளயே ஒவ்வொரு நாளும் தும்பு மிதக்குது. உதை உள்ளுக்கு விட்டால் கார் பிறகு தும்பெல்லோ ஊதும்!" வீட்டில் முள்ளிவாய்க்காலில் வாங்கிய பருத்திக் கயிறு இருந்தது, கருவாடு காயப்போட அசையில் கொடியாகக் கட்டியது. அதைத் தோய்த்து வெயிலில் போட்டெடுத்துக் கொடுத்தார். கருவாட்டு மணம் முழுவதும் போகவில்லை. "பறவாயில்லை, எஞ்சினுக்கு மூக்கில்லை" என்றார் றவூப்.

எஞ்சினைச் சுற்றிப் பழைய சீலை விரித்தார்கள். கழற்றியவற்றைச் சுளகில் வைத்தார்கள். றவூப் இரும்புச் சட்டத்தால் ஸ்பிரிங்கை நெம்பி அமத்த, கனகலிங்கத்தார் தண்டின் கழுத்தைப் பிடித்திருக்கும் இரண்டு சின்னப் பூட்டுகளை எடுப்பார். பழைய வளையத்தைக் கழற்றிப் புதியதை மாட்டி, ஸ்பிரிங்கை வைத்து, பூட்டுகளைத் திரும்பச் செருகுவார். பூட்டு ஒன்று புளியங்கொட்டையிலும் சிறியது. ஒன்று குறைந்தாலும் கார் ஓடாது. பழைய வளையங்கள் கையில் எடுத்ததும் காய்ந்த மண்ணாய் உதிர்ந்தன.

கடைசி வால்வில் சட்டம் வழுக்கியது. 'டிங்' என்றது ஸ்பிரிங். ஒரு பூட்டைக் காணவில்லை.

சீலையை உதறினார்கள். சுளகைப் புடைத்தார்கள். மண்ணைக் கிளறினார்கள். அப்போது, காரடியில் நின்ற சாம்பல் பேட்டுக்கோழி கழுத்தை நீட்டி எதையோ விழுங்கியது.

"உதுதான்!" என்று கத்தினார் கனகலிங்கத்தார். "பூட்டை முழுங்கிப்போட்டுது!"

கோழியைப் பிடித்துக் கூடையால் மூடினார்கள். றவூப் கூடையைத் தட்டினார். "வெட்டிப் பாப்பம்."

"வெள்ளிக்கிழமை எங்கட வளவுக்கை கத்தி எடுக்கேலாது" என்றார் நாகேஸ்வரி. "எடுத்தாலும் அதைத் தரமாட்டன். முட்டையிடுற பேடு."

"அப்ப நாளைக்குக் காலமை" என்றார் கனகலிங்கத்தார். "பொம்பிளை ஏறவேணுமெல்லோ?"

"உங்கட பொம்பிளை கோயிலுக்குப் போக என்ரை பேடு மேல போகவேணுமோ?"

இருவரையும் விட்டுவிட்டு றவூப் ஜும்ஆத் தொழுகைக்குப் புறப்பட்டார். கனகலிங்கத்தார் கூடைக்கு முன்னால் குந்தியிருந்தார். கோழி போட்டதையெல்லாம் குச்சியால் கிளறிப் பார்த்தார். வாய் திறந்து கிடந்த காரை ஒருமுறை பார்ப்பார். கோழியை ஒருமுறை பார்ப்பார். நாகேஸ்வரி சோற்றைக் கொண்டுவந்து வைத்தார். அவர் தொடவில்லை. கோழி கூடைக்குள்ளே தின்றது.

பின்னேரம் மொறிஸ் மைனர் படலைக்கு வந்தது. றவூப் சிரித்துக்கொண்டு இறங்கினார்.

"கோழி உயிரோடையோ?"

"உயிரோடைதான். தின்னுது."

"அதிட்டை மன்னிப்புக் கேள், மச்சான்." அவர் உள்ளங்கையை விரித்தார். பூட்டு அதில் கிடந்தது. "ஜும்ஆவுக்குக் குளிக்க எண்டு வீட்டை போய்ச் சட்டையைக் கழட்டிக் குடுத்தன். என்ரை மனிசி றாபியா மடிச்சுவிட்ட சட்டைக்கையை விரிச்சு உதறினவா. கிணத்துக் கட்டிலை 'டிங்' எண்டு விழுந்தது. 'காரை நீங்கள் திருத்திறியளோ, திருடுறியளோ' எண்டு கேட்டவா."

நாகேஸ்வரி கூடையைத் தூக்கினார். சாம்பல் பேடு வெளியே வந்து, இறகை உதறி, கனகலிங்கத்தாரின் பாதத்தை ஒரு கொத்துக் கொத்திவிட்டுப் போனது. பொழுது படுமுன் கடைசி வால்வும் பூட்டியாயிற்று. கயிறு கருவாட்டு அசைக்குத் திரும்பிப் போனது.

சனிக்கிழமை பின்னேரம் அருந்ததி சொன்னபடி கோயிலடியில் நின்றார். கார் கட்டால் இறங்கி அவரைத் தாண்டிப் போனது. அவர் வெறும் தெருவை நன்றாகப் பார்த்தார். மணந்தும் பார்த்தார். "சரி தம்பி, நாளைக்கு விடிய வெள்ளணக் காரைக் கழுவிக் கொண்டாரும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பொம்பிளையின் கார் கட்டுக்கு வந்தது. கனகலிங்கத்தார் பின் கண்ணாடித் திரைச்சீலையைக் கழற்றியிருந்தார். ஆனாலும் கண்ணாடியை முழுவதும் பொம்பிளையின் கொண்டையும் பூவும் மறைத்தன. ஆகவே காதைத்தான் நம்பினார். மேளம் கேட்டது, பெண்களின் கதை கேட்டது. பாதிச் சரிவு தாண்டியது. அப்போது பின்னால் ஒரு இருமல்; பிறகு பெரிதாக இன்னொரு இருமல்.

அவர் பிறேக்கை மிதித்து, கைப்பிறேக்கையும் இழுத்துவிட்டு, கதவைத் திறந்து குதித்தார். பின்னால் ஓடினார். புகை இல்லை. தட்டங்களோடு பெண்கள் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால், கலியாணத்துக்கு அழைக்கப்பட்டு வந்த றவூப், நெஞ்சில் கையை வைத்து இருமிக்கொண்டு நின்றார்.

"டேய் றவூப்!"

"மச்சான், புகையில்லாமல் இறங்கினதை நீ பாக்கேல்லையெண்டால் உனக்கு நித்திரை வராது. அதுதான் கூப்பிட்டனான். வடிவாய்ப் பார்!"

அருந்ததிகூடச் சிரித்துவிட்டார். கனகலிங்கத்தார் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, தான் இறங்கிவந்த சரிவை மேல்வரை பார்த்தார். குளத்துக் காற்றில் அது துப்புரவாக இருந்தது. காருக்குள்ளிருந்து பொம்பிளை தலையை வெளியே நீட்டி, "மாமா, நான் போகோணும், நேரமாகுது" என்றாள்.

அவர் ஓடிப்போய் ஏறினார்.