ராட்டினக்காரி டேங்க் மூடிக்கு அடித்த சிவப்பு

ராட்டினக்காரிக்குப் பெயிண்ட் டப்பா கையில் கிடைத்தால் போதும், எதிரில் நிற்பது மரமா மனுஷனா என்று பார்க்கமாட்டாள். நாலு குதிரை, ரெண்டு யானை, ஒரு வாத்து, இத்தனையும் சுமந்து சுற்றும் சின்ன ராட்டினம் அவளுடையது. மாமனார் காலத்தில் கையால் தள்ளிச் சுற்றியது. அதில் பெட்ரோல் எஞ்சினைப் பூட்டி, பெல்ட் மாட்டி ஓடவைத்தவள் அவள்தான். "பொம்பளைக்கு எஞ்சின் எதுக்கு?" என்று முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டவர்கள் எல்லாம் பிறகு பேரப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

காலையில் பல் விளக்குகிறாளோ இல்லையோ, ஆயில் குச்சியை உருவி அளவு பார்த்துவிடுவாள். பிளக்கைக் கழற்றிக் கரியைச் சுரண்டுவாள். ஃபில்டரைத் தட்டித் தூசி போக்குவாள். எஞ்சினும் அவள் பேச்சைத் தட்டாது. கயிற்றை ஒரு இழு இழுத்தால் படபடவென்று கிளம்பிவிடும்.

பூங்காவில் நிரந்தரமாக ஓர் இடம் பிடிக்கவேண்டும் என்பது அவள் ஆசை. ஊர் ஊராகக் கழற்றி மாட்டி இடுப்பு விட்டுப்போயிற்று. பூங்காக் காவலர் கறாரான ஆள்.

"ஒரு ஞாயித்துக்கிழமை ஓட்டிக் காட்டும்மா. ராட்டினம் நடுவுல நின்னு போயி பிள்ளைங்க அழுதா, இடம் கிடையாது."

விடுவாளா? முந்தின நாள் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் புது வண்ணம் பூசினாள். குதிரைக்கு மஞ்சள், யானைக்கு நீலம், எஞ்சின் டேங்குக்கு ரத்தச் சிவப்பு.

"அண்ணி, இனி என் மூக்கு ஒண்ணுதான் பாக்கி," என்றான் கொழுந்தன். பிள்ளைகளை ஏற்றி இறக்குவது அவன் வேலை.

"ஆடாம நில்லு, அதையும் அடிச்சுடுறேன்."

ஞாயிறு காலை ராட்டினம் தேர்போலச் சுற்றியது. பிள்ளைகளின் கூச்சல் மரத்தில் இருந்த காக்காயையெல்லாம் விரட்டியது. திடீரென்று எஞ்சின் இருமியது, திணறியது, நின்றது. வாத்துமேல் இருந்த பொடிசு உதட்டைப் பிதுக்கியது. காவலர் தூரத்திலிருந்தே கழுத்தை நீட்டினார்.

பிளக்கைக் கழற்றி எஞ்சின் உடம்பில் ஒட்டவைத்துக் கயிற்றை இழுத்தாள். நீலப்பொறி பளிச்சென்று வந்தது. ஃபில்டரும் சுத்தம். எஞ்சின் சூடு ஆறியதும் டேங்க் மூடியைத் திறந்தாள். முக்கால்வாசி பெட்ரோல் இருந்தது. மூடிவிட்டு இழுத்தால், ஓடுகிறது! கொஞ்ச நேரத்தில் மறுபடி நின்றது. மறுபடி திறந்து பார்த்தாள், மறுபடி ஓடியது.

"நீங்க எட்டிப் பாத்தாத்தான் ஓடுது அண்ணி. புது மாப்பிள்ளை முறுக்கு!"

"பெட்ரோல்ல ஏதோ கலந்துட்டான்டா."

"எப்பவும் வாங்குற இடந்தானே?"

"அப்ப நீ பெல்ட்டை இறுக்கிட்டே."

உலகத்தில் யார்மேல் வேண்டுமானாலும் பழி போகும், அவள்மேல் மட்டும் வராது. மூன்றாவது தடவை நின்றபோது காவலரே வந்துவிட்டார். "இன்னொரு வாட்டி நின்னா மூட்டை கட்டிரும்மா."

அவள் டேங்க் பக்கம் காதைச் சாய்த்தாள். "கொஞ்சம் வாயை மூடுடா," என்று கொழுந்தனை அதட்டிவிட்டு மூடியை மெல்லத் திருகினாள். உஸ்ஸ்ஸ்! தண்ணீரில் முங்கி எழுந்தவன் மூச்சு வாங்குவதுபோல டேங்க் காற்றை உள்ளே இழுத்தது.

மூடியை வெளிச்சத்தில் பிடித்தாள். அதன் நடுவில் ஊசிமுனை அளவு ஓட்டை ஒன்று உண்டு. அது வழியாகக் காற்று உள்ளே போனால்தான் பெட்ரோல் கீழே இறங்கும். இப்போது அங்கே ஓட்டையைக் காணோம். அழகான ரத்தச் சிவப்பு மொழுமொழுவென்று இருந்தது.

புடவையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி பெயிண்டைக் குத்தி எடுத்தாள். வாயால் ஊதிப் பார்த்தாள். காற்று போனது.

"யாரு அடிச்ச பெயிண்ட் அண்ணி அது?" கொழுந்தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"பெயிண்ட்டுக்கு என்ன குறைச்சல்? எஞ்சின் செஞ்சவன் ஓட்டையைத் தப்பான இடத்துல வெச்சிருக்கான்!"

அதற்குப் பிறகு பெட்ரோல் ஊற்ற நிறுத்தியதுதான் உண்டு. பொழுது சாயும்வரை ராட்டினம் சுற்றியது. கடைசியில் காவலர் சாவிக்கொத்தோடு வந்து நின்றார்.

"போதும் நிறுத்தும்மா, பூங்காவைப் பூட்டணும்."

"நீங்கதானே நிக்கவே கூடாதுன்னீங்க!"

காவலருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அடுத்த ஞாயித்துக்கிழமையும் நீதானே ஓட்டப்போறே? மிச்சத்தை அப்ப ஓட்டு."